நீர்மேல் கூடும் பொரி

நுழையும்முன்

தண்ணீரில் மிதக்கும் சிறு பொருள்கள் தாமே நகர்ந்து ஒன்றோடொன்று சேர்வதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அச்சேர்க்கைக்குக் காரணமான விசை எது? வீட்டுக் கிண்ணத்தில் தொடங்கித் தொழிற்சாலை வரை அது எங்கெல்லாம் வேலை செய்கிறது? திருவண்ணாமலையில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரை இது.

கார்த்திகை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் எல்லாருடைய கண்களும் மலையுச்சியையே நோக்கும். 2668 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சிக்கு 3500 கிலோவுக்குக் குறையாத நெய்யும், திரிக்கென 1000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் ஆள்களின் தோளிலும் தலையிலுமாக ஏறிச் செல்லும். ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரியது எங்கள் ஊர். ஆகவே தீயைப் பற்றிப் பேசுவோர் இங்கு மிகுதி. நான் நீரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மலைமேல் எரியும் அந்தத் தீயும் நீர்மம் ஒன்றின் குணத்தால்தான் நின்று எரிகிறது. உருகிய நெய்யை யாரும் இறைத்துத் திரியின் நுனிக்கு ஊற்றுவதில்லை. துணியின் நூல்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளிகளைப் பற்றிக்கொண்டு நெய் தானே மேலேறுகிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் அதனுள் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் உயரம் பத்து மடங்காகும். வாசலில் வைக்கும் அகல்விளக்கின் திரியிலும் நடப்பது இதுவே.

நெய்யைத் திரியில் ஏற்றும் அதே விசை, மிதக்கும் பொருள்களை ஒன்றுகூட்டவும் செய்கிறது. அதைக் காண்பதற்கு மலையேற வேண்டியதில்லை. தீபத்தன்று எங்கள் வீடுகளில் நெல்பொரியும் அவல்பொரியும் வெல்லப்பாகில் பிடித்து உருண்டைகளாகப் படைக்கப்படும். தேரடி வீதியில் அந்நாள்களில் பொரி மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். ஆண்டுதோறும் அம்மாதத்தில் ஒருநாள், வாய் அகன்ற கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும் ஒரு பிடி அரிசிப் பொரியையும் வகுப்புக்குக் கொண்டு செல்வது என் வழக்கம். தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று உடன் பணியாற்றும் இயற்பியல் ஆசிரியர் நகைப்பார். சற்று நேரத்தில் அவரும் வாசலில் வந்து நின்று பார்ப்பார்.

கிண்ணத்தில் முக்கால் பங்கு நீரை ஊற்றி, அது அசைவற்று நிற்கும்வரை பொறுத்திருந்து, நடுவில் ஒரே ஒரு பொரியை இடுங்கள். சிறிது நேரம் அது எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல நிற்கும். பின்னர் மெல்ல ஒரு பக்கமாக நகரும். கிண்ணத்தின் சுவரை நெருங்க நெருங்க விரைவு கூடிச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அடுத்து, இரண்டு பொரிகளை ஒரு விரற்கடை இடைவெளியில் இடுங்கள். முதலில் தயக்கம், பிறகு நகர்வு, இறுதியில் ஒரு பாய்ச்சல். சேர்ந்தபின் அவை பிரிவதில்லை. ஒன்றைத் தள்ளினால் மற்றதும் உடன் வரும். பத்துப் பன்னிரண்டு பொரிகளைத் தூவினால் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, சிறு கூட்டங்கள் பெருங்கூட்டத்தோடு இணைந்து, ஓரத்தில் ஒரு தீவாக ஒதுங்கும். பொரி ஊறிப் போவதற்குள் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இனி, கிண்ணத்தை விளிம்புக்கு மேலும் ததும்பி நிற்குமாறு நீரால் நிரப்புங்கள். சுவரை விரும்பிய பொரி இப்போது சுவரை விட்டு ஓடும். எல்லாம் நடுவில் கூடும். அதே நீர், அதே பொரி, அதே கிண்ணம். ஆயினும் போக்கு நேர்மாறு. இதைப் பார்த்ததும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: "ஐயா, அதற்கு எப்படித் தெரியும்?"

பொரிக்கு ஒன்றும் தெரியாது. நீரின் பரப்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நீருக்குள் இருக்கும் ஒரு மூலக்கூற்றை எல்லாப் பக்கங்களிலும் உள்ள மூலக்கூறுகள் தம்பால் இழுக்கின்றன. பரப்பில் இருக்கும் மூலக்கூற்றுக்கோ மேற்பக்கத்தில் துணை இல்லை. அதனால் நீர் தன் பரப்பை இயன்றவரை சுருக்கிக்கொள்ள முயல்கிறது. தாமரை இலைமேல் துளி உருண்டு நிற்பதும் இதனாலேயே. இந்த முயற்சியின் வலிமையைப் பரப்பு இழுவிசை என்கிறோம். 25 டிகிரி செல்சியசில் தூய நீருக்கு அது மீட்டருக்கு 0.072 நியூட்டன். நீரின்மேல் ஒரு தோல் போர்த்தியிருப்பதாகச் சொல்லி இதை விளக்குவோர் உண்டு. எனக்கு அவ்வுவமையில் உடன்பாடு இல்லை. தோலை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்புக் கூடும். நீர்ப்பரப்பை எவ்வளவு விரித்தாலும் அதன் இழுவிசை கூடுவதில்லை.

பொரி நீரால் நனையக் கூடியது, நீரைவிட இலேசானது. அது மிதக்கும்போது தன்னைச் சுற்றி நீரைச் சற்றே மேலே இழுத்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு மேடு ஒன்று அதைச் சூழ்ந்திருக்கிறது. பக்கத்தில் வரும் மற்றொரு பொரி அம்மேட்டின் சரிவில் நிற்க நேர்கிறது. நீருக்குள் விட்ட காற்றுக் குமிழி மேல்நோக்கிப் போவதைப் போல இலேசான மிதவையும் இடம் கிடைத்தால் மேல்நோக்கியே போகும். ஆகவே ஒவ்வொரு பொரியும் மற்றதன் சரிவில் ஏறுகிறது; இரண்டும் நெருங்குகின்றன. கண்ணாடிச் சுவரை ஒட்டியும் நீர் இவ்வாறே மேலேறி நிற்கும்; எனவே தனித்த பொரி சுவரை நாடுகிறது. விளிம்புக்கு மேல் ததும்பும் நீரிலோ ஓரம் தாழ்ந்து நடு உயர்ந்திருக்கிறது. பொரி அப்போதும் மேட்டைத்தான் நாடுகிறது. மேடுதான் இடம் மாறிவிட்டது.

இதே கிண்ணத்தில் ஒரு தையலூசியைப் படுக்கை வாட்டில் மெல்ல இறக்கி மிதக்கவிட்டால் கதை வேறாகும். எஃகு நீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கனமானது. நியாயப்படி மூழ்க வேண்டிய அதைப் பரப்பு இழுவிசை தாங்கி நிற்கிறது. ஊசி கிடக்கும் இடத்தில் நீர்ப்பரப்பு பள்ளமாகிறது. இரண்டு ஊசிகளை இட்டால் ஒன்றன் பள்ளத்தில் மற்றது சரிந்து, இரண்டும் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஊசியையும் பொரியையும் ஒன்றாக இட்டாலோ அவை விலகும். ஒன்று மேட்டை உண்டாக்குவது, மற்றது பள்ளத்தை உண்டாக்குவது. காந்தத்தில் ஒத்த முனைகள் விலகும், மாறான முனைகள் கவரும் என்று படித்திருக்கிறீர்கள். நீர்மேல் இனம் இனத்தோடு சேர்கிறது.

இவ்விசைக்கு ஓர் எல்லை உண்டு. நீரில் அதன் அளவுகோல் சுமார் 2.7 மில்லிமீட்டர். அதைப்போலச் சில மடங்கு தொலைவுக்கு அப்பால் மேடும் பள்ளமும் மறைந்து நீர் மட்டமாகிவிடும். தீபத் திருவிழா முடிந்து ஐயங்குளத்தில் தெப்பம் மிதக்கும்போது, அந்தப் பெரிய தெப்பத்தைக் கரைக்கு இழுக்கும் வலிமை இந்த விசைக்குக் கிடையாது. அதே குளத்தின் படித்துறையில் மிதக்கும் பூவிதழ்களும் துளசி இலைகளும் ஓரம்சேர்ந்து வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். காற்றுக்கும் அதில் பங்குண்டு. காற்றில்லாத விடியற்காலையில் சென்று பார்த்தால் எவ்வளவு நீரின் வேலை என்பது புலப்படும். சிற்றுயிர்கள் இதை நம்மைவிட நன்கு பயன்படுத்துகின்றன. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு தன் முட்டைகளைத் தனித்தனியே நீரில் இடுகிறது. அவை நீர்மேல் கூடி முக்கோணமாகவும் விண்மீன் வடிவிலும் நிற்கும். கரையோரத்து நீர்மேடு எறும்பளவுப் பூச்சிகளுக்கு வழுக்குமலை. கால் உந்தி அதில் ஏற இயலாது. சில பூச்சிகள் காலால் நீரை மேலே இழுத்தும், ஒருவகை வண்டின் புழு தன் முதுகை வளைத்தும், தாமே ஒரு சிறு மேட்டை உண்டாக்கிக்கொள்கின்றன. பிறகு பொரி செல்வதுபோலச் சரிவில் வழுக்கியே மேலேறிவிடுகின்றன. டேவிட் ஹூ, ஜான் புஷ் என்னும் இருவர் 2005ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினர்.

பாடநூற் பணியில் கலைச்சொற்களைப் பற்றி நாங்கள் நெடுநேரம் வாதிட்டதுண்டு. திரியில் நெய்யை ஏற்றும் விசையை 'நுண்புழை விசை' என்கிறோம். குழாய்க்கும் திரிக்கும் இது பொருந்தும். பொரி மிதக்கும் கிண்ணத்தில் புழை எங்கே இருக்கிறது? ஆங்கிலச் சொல்லும் மயிரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. மயிரிழை போன்ற குழாயில் முதலில் கண்டதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பழையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் உறுப்புகள் பிறர் கைபடாமல் ஒன்றுசேர்ந்து ஓர் அமைப்பாவதற்குத் 'தானே கூடல்' என்னும் சொல்லை நான் விடவில்லை. 'கூடல்' நம்மிடம் ஆறுகள் சேரும் இடத்துக்கும் வழங்கும் சொல்.

இந்தத் துறையின் வரலாற்றில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஆக்னஸ் போக்கல்ஸ் என்னும் செர்மானியப் பெண்மணி. 1862இல் பிறந்தவர். அக்காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. பெற்றோரைப் பேணியபடி வீட்டு வேலை செய்துவந்த அவர், பதினெட்டு வயதில், பாத்திரம் கழுவும் நீரின் பரப்பு அழுக்காலும் எண்ணெயாலும் எவ்வாறு மாறுகிறது என்று அளக்கத் தொடங்கினார். தகரத் தொட்டி ஒன்றும் சிறு தராசும் அவருடைய ஆய்வகம். பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் இயற்பியலறிஞர் இராலே பிரபுவுக்குத் தம் முடிவுகளைக் கடிதமாக எழுதினார். இராலே அக்கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து, 'நேச்சர்' இதழுக்குத் தாமே பரிந்துரைத்து அனுப்பினார். 1891இல் அது வெளிவந்தது. நம் திருச்சிராப்பள்ளி தந்த சர் சி. வி. இராமனும் ஒளியோடு மட்டும் நிற்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த காலத்தை ஒட்டியே பரப்பு இழுவிசையில் ஈடுபட்டார். நீர்மத்தின் வளைவைக் கொண்டு அவ்விசையை அளக்கும் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1907இல் இங்கிலாந்து இதழ் ஒன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

நீர்மேல் கூடும் பொருள்களை முதலில் கருவியாகக் கொண்டவர்கள் உலோகத்தை ஆராய்ந்தவர்கள். 1947இல் லாரன்ஸ் பிராக், ஜான் நை இருவரும் சோப்புக் கரைசலின்மேல் ஒரே அளவுள்ள சின்னஞ்சிறு குமிழிகளை மிதக்கவிட்டனர். குமிழிகள் தாமே நெருங்கி, தேனடை போல ஆறுபக்க வரிசையில் அமைந்தன. உலோகப் படிகத்தில் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கும், அடுக்கு எங்கே பிசகும் என்பதை அவர்கள் கண்ணெதிரே காட்டினர். குமிழிகளுக்கு இடையிலான கவர்ச்சியை நிக்கல்சன் 1949இல் கணக்கிட்டார். 2005இல் டொமினிக் வெல்லாவும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான இல. மகாதேவனும் இதை எளிமையாக விளக்கிக் கட்டுரை எழுதினர். அமெரிக்கர் காலையில் பாலில் இட்டு உண்ணும் வளைய வடிவத் தானிய உணவின் பெயரால் இது 'சீரியோஸ் விளைவு' எனப்படுகிறது. பெயரிடும் வாய்ப்பு எங்கள் ஊருக்குக் கிடைத்திருந்தால் 'பொரி விளைவு' என்றே உலகம் வழங்கியிருக்கும்.

கூட்டம் சேர்வது ஒன்று; வடிவம் பெறுவது வேறொன்று. பொரிகள் சேர்ந்தால் கும்பல்தான் கிடைக்கும். வேண்டிய வடிவில் சேரச் செய்ய இயலுமா? 1997இல் ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்சும் அவருடன் பணியாற்றியோரும் இதைச் செய்து காட்டினர். சிலிக்கோன் இரப்பர் போன்ற பொருளில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள அறுகோணத் தகடுகளைச் செய்தனர். அவற்றின் ஆறு பக்கங்களுள் சிலவற்றை நீரை விரும்புவனவாகவும் மற்றவற்றை நீரை வெறுப்பனவாகவும் ஆக்கினர். நீருக்கும், நீரினும் கனமான ஒருவகை நீர்மத்துக்கும் இடைப்பட்ட பரப்பில் அவற்றை மிதக்கவிட்டு மெல்லக் குலுக்கினர். எதிரெதிரான இரு பக்கங்கள் மட்டும் நீரை வெறுத்தால் தகடுகள் சங்கிலியாகச் சேர்ந்தன. ஆறு பக்கங்களும் வெறுத்தால் இடைவெளியின்றித் தேனடையாயின. ஒன்று விட்டு ஒன்றாக மூன்று பக்கங்கள் வெறுத்தால் நடுவில் துளைகள் விழுந்த வலை உண்டாயிற்று.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குலுக்கல். மரக்காலில் நெல் அளப்பவர் பக்கத்தைத் தட்டித் தட்டி நிரப்புவார். தட்டாவிட்டால் நெல் கோணல்மாணலாக நின்று அளவு குறையும். தவறாகச் சேர்ந்த தகடுகள் பிரிந்து சரியாகச் சேர்வதற்கும் அத்தகைய அசைவு வேண்டும். அளவு மீறிக் குலுக்கினாலோ சரியாகச் சேர்ந்ததும் பிரியும். இரண்டாவது, கையின் வேலை. தகடுகளை யாரும் எடுத்து அடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கம் எதை விரும்ப வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து, ஒவ்வொரு விளிம்பையும் பக்குவப்படுத்தியிருந்தார். சேரும் வடிவம் அப்போதே முடிவாகிவிட்டது.

இச்செய்தி எனக்குத் தெளிவானது நூல்களால் அன்று. என்னிடம் மேல்நிலை வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மேலே படிக்க வசதியின்றி, சுற்றுப்பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதியில் தங்கி, இரவும் பகலும் மாறிமாறிப் பணி. தீபத்துக்கு ஊர் வந்தவள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். "ஐயா, நீங்கள் கிண்ணத்தில் காட்டிய பொரி எங்கள் அடுப்புக்குள்ளும் இருக்கிறது" என்றாள்.

அவள் விளக்கியது இது. கைப்பேசிக்குள் இருக்கும் பலகையில் செம்பாலான சிறு திண்டுகள் வரிசையாக உண்டு. அவற்றின்மேல் பற்றாசுப் பசையை அச்சிடுவார்கள். தொழிற்கூடத்தில் அதைச் சால்டர் பசை என்பர். ஓர் எந்திரம் மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் எடுத்து, முனைக்கு ஒரு திண்டாக அதன்மேல் வைத்துக்கொண்டே போகும். அவற்றுள் மிகச் சிறியவை 0.4 மில்லிமீட்டர் நீளமும் 0.2 மில்லிமீட்டர் அகலமும் உள்ளவை. கையில் எடுத்தால் மணல் பருக்கைக்கும் அவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. அவ்வளவு விரைவில் வைக்கும்போது சில சற்றே கோணலாக உட்காரும். பிறகு பலகை நீண்ட அடுப்புக்குள் செல்லும். ஈயம் கலவாத பற்றாசு ஏறத்தாழ 217 டிகிரி செல்சியசில் உருகும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை நீரினுடையதைப் போலப் பல மடங்கு. அது செம்பை விரும்பும். பலகையின் பச்சைப் பூச்சை விரும்பாது. ஆகவே திண்டின் எல்லைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு, தன்மேல் மிதக்கும் பருக்கையையும் இழுத்து நேராக்கும். "அடுப்புக்குப் போகும்முன் எடுத்த படத்தில் கோணலாக இருந்தது, வெளியே வந்தபின் எடுத்த படத்தில் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும். முதன்முதல் பார்த்தபோது வகுப்பு நினைவு வந்தது, ஐயா."

நேராக்கும் அதே விசை கவிழ்க்கவும் செய்யும். பருக்கையின் இரண்டு முனைகளிலும் உள்ள பற்றாசு ஒரே நேரத்தில் உருகினால் இரு பக்கத்து இழுப்பும் ஈடாகும். ஒரு பக்கம் முந்தி உருகினால் அப்பக்கத்து இழுப்பு மேலோங்கி, மறுமுனையைத் தூக்கிவிடும். பருக்கை ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கும், மின்சுற்று அறுந்துபோகும். தொழிற்சாலையில் அதற்குக் கல்லறைக் கல் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்குகிறது. எங்கள் மாவட்டத்துச் செங்கம் பகுதியில், ஆநிரைப் பூசலில் இறந்துபட்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் வட்டெழுத்துப் பொறிப்புகளோடு இன்றும் நிற்கின்றன. அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவளுடைய பணிவரிசையில் இப்போது அதன் பெயர் 'நடுகல்'.

அவள் வரிசையில் ஒரு பருவத்தில் நடுகற்கள் மிகுந்துவிட்டன. ஒரே வகைப் பலகையில் நாள்தோறும் பழுது. அடுப்புக்குள் அனுப்பும் பெண்களின் கைபட்டுப் பலகை அதிர்கிறது என்றார் மேற்பார்வையாளர். நால்வரின் ஊக்கத் தொகையை நிறுத்தப் போவதாகப் பேச்சு எழுந்தது. அந்நால்வருள் இவளும் ஒருத்தி. வீட்டில் தம்பியின் படிப்பு அத்தொகையை நம்பியே நடந்தது. இவள் யாரோடும் வழக்காடவில்லை. பணி முடிந்தபின், பழுதான பலகைகளைப் பார்த்து, நிமிர்ந்து நின்ற ஒவ்வொன்றும் பலகையின் எந்த இடத்தில் இருக்கிறது, அதன் எந்த முனை எழுந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வந்தாள். பதினொரு நாள் எழுதினாள். கை அதிர்ச்சியால் வந்த பழுதானால் முனைகள் இப்பக்கமும் அப்பக்கமுமாகச் சிதறி இருக்க வேண்டும். எழுந்த முனைகள் எல்லாம் ஒரே பக்கம். அகன்ற செம்புப் பட்டையோடு இணைந்த திண்டின் பக்கம்.

அந்த அகன்ற செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டது. அதனால் அப்பக்கத்துப் பற்றாசு பிந்தி உருகிற்று. எதிர்ப்பக்கம் முந்திக்கொண்டு இழுத்தது. குறிப்பேட்டைப் பொறியாளரிடம் காட்டினாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டாரேயன்றி அன்று ஒன்றும் சொல்லவில்லையாம். சில வாரங்களில் வந்த புதிய பலகைகளில் திண்டையும் பட்டையையும் இணைக்கும் செம்பு, சூடு எளிதில் ஓடாதவாறு மெல்லிய இழைகளாக ஒடுக்கப்பட்டிருந்தது. நடுகற்கள் அரிதாயின. ஊக்கத் தொகையைப் பற்றிய பேச்சும் அடங்கிற்று. யாரும் அவளைப் பாராட்டவில்லை என்பதையும் அவளே சொன்னாள். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

உறுப்புகள் இன்னும் சிறியவையானால் எடுத்து வைக்கும் எந்திரமே திணறும். மிகச் சிறிய பொருளுக்கு எடை ஒரு பொருட்டன்று. இடுக்கியால் பற்றினால் விட்டபின்னும் கீழே விழாமல் இடுக்கியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரக்கையால் கடுகை எடுத்துப் பாத்திரத்தில் போட முயன்றவர்களுக்கு இத்தொல்லை தெரியும். தொல்லை தருகிற அந்த ஒட்டுதலையே வேலைக்கு அமர்த்தினால் என்ன? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் உத்தரா சீனிவாசன், டோரியன் லிப்மன், ரோஜர் ஹோவ் ஆகியோர் அதைச் செய்து 2001இல் வெளியிட்டனர். அடித்தகட்டில் வேண்டிய இடங்களை மட்டும் நீரை வெறுக்கும்படி ஆக்கி, அங்கே ஒட்டு நீர்மத்தைப் படியச் செய்து, நீருக்குள் வைத்தனர். நுண்ணிய சிலிக்கன் துண்டுகளை அந்நீரில் விட்டனர். துண்டின் பக்குவப்படுத்திய முகம் ஒட்டு நீர்மத்தைத் தொட்டதும் அது துண்டைப் பற்றித் திருப்பித் தன் வடிவத்தோடு பொருத்திக்கொண்டது. பிழை 1 மைக்ரானுக்கும் குறைவு. தலைமயிரின் தடிமன் அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல்.

இதை நான் அம்மாணவிக்குச் சொன்னது சென்ற ஆண்டுத் தீபத்தின்போது. வாசலில் அகல்கள் எரிந்துகொண்டிருந்தன, என் மனைவி கொடுத்த பொரி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "எந்திரமும் வேண்டாம், நீர்மமே எல்லாவற்றையும் வைத்துவிடும் என்றால் எங்கள் வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன வேலை இருக்கும், ஐயா?" என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. நானூறு பேர் தங்கும் விடுதி அவளுடையது. அவர்களுள் பலர் எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள்.

சிறிது நேரம் பேசாதிருந்தவள், தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். பகுதி நேரமாக மின்னணுவியல் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறாளாம். பலகையில் திண்டுகள் எங்கே, எந்த அளவில் அமைய வேண்டும் என்று வரைவது அதில் ஒரு பாடம். தாளில் அவள் வரைந்த முதல் பலகை இருந்தது. ஒவ்வொரு பருக்கைக்கும் உரிய இரண்டு திண்டுகளும், அவற்றுக்குச் செல்லும் செம்பு வழிகளும் இருபுறமும் ஒரே அகலத்தில் இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் வழி அகன்றிருந்தது. அதை விரலால் தொட்டு, "இது மின்சாரம் மிகுதியாகப் போகும் வழி, குறைக்க முடியாது, இங்கே என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.